பனியில் எடுத்த படம் ஏன் சாம்பல் நிறமாகிறது?

ஒவ்வோர் ஆண்டும் முதற்பனி விழும் நாளில், கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள நம்மவர் வீடுகளிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் எத்தனையோ படங்கள் போய்ச் சேருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுவிடலாம். கண்ணைக் கூசவைத்த பனி அழுக்கேறிய சாம்பல் நிறத்தில் கிடக்கும். அதன் நடுவே நிற்பவரின் முகம் யாரென்று தெரியாத அளவுக்கு இருண்டிருக்கும். கைத்தொலைபேசி பழையது என்றோ கமரா மலிவானது என்றோ பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இந்த இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் கையிலுள்ள கருவியைக் கொண்டே அன்றைக்கே நல்ல படம் எடுத்துவிடலாம். ஒன்ராறியோவின் குளிர்காலங்களில் கமராவோடு அலைந்து நான் கற்றவற்றை, இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு: பனிப்படம் நன்றாக அமைவதும் கெடுவதும் அதிலுள்ள வெண்மையல்லாத பகுதிகளை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்பதைப் பொறுத்தது. நிழல், மரத்தண்டு, ஆளின் முகம் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டால் பனி தானாகவே வெண்மையாகத் தெரியும்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். கமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தன் முன் உள்ள காட்சி எதுவாயினும் அது சராசரியாக ஓர் இடைநிலைச் சாம்பல் நிறத்தின் அளவுக்கே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற அனுமானத்தில் இயங்குகிறது. அந்தச் சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும். புல்வெளி, செங்கற்சுவர், தெரு, மனிதர்கள் எல்லாம் கலந்த வழக்கமான காட்சிகளில் இந்த அனுமானம் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. புதிதாக விழுந்த பனியோ தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 வீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். இவ்வளவு ஒளி எங்கிருந்து வருகிறது என்பது ஒளிமானிக்குத் தெரியாது. காட்சி அளவுக்கு மீறி வெளிச்சமாக இருக்கிறது என்று முடிவுகட்டி, படம் முழுவதையும் இருட்டாக்கி, வெண்பனியைத் தனக்குத் தெரிந்த சாம்பலுக்கு இழுத்து வந்துவிடுகிறது. பனியே இப்படிச் சாம்பலானால், அதன் முன் நிற்கும் மாநிற முகம் அதைவிடப் பல படிகள் கீழிறங்கி இருளில் மூழ்குவதில் வியப்பில்லை.

இதற்கான தீர்வு எக்ஸ்போஷர் ஈடுசெய்தல், அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை நாமே கூட்டிக் குறைப்பது. ஏறக்குறைய எல்லாக் கமராக்களிலும் கூட்டல், கழித்தல் குறிகள் இட்ட ஒரு பொத்தானோ சக்கரமோ இதற்காக இருக்கும். சட்டகம் முழுவதையும் வெயில் படும் பனி நிறைத்திருந்தால் கூட்டல் பக்கமாக ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வரை (ஒரு ஸ்டொப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்) நகர்த்த வேண்டியிருக்கும். பாதி பனியும் பாதி மரங்களுமாக இருந்தால் முக்கால் அல்லது ஒரு ஸ்டொப் போதும். பனி மிகுதியாகத் தெரியும்போது ஒளியைக் கூட்ட வேண்டும் என்பது தொடங்குகிறவர்களுக்கு முதலில் தலைகீழாகத் தோன்றும். வெளிச்சம் அதிகமானால் குறைக்க வேண்டும் என்றுதானே மனம் சொல்கிறது? ஆனால் அந்தக் குறைப்பைக் கமரா ஏற்கெனவே அளவுக்கு மேல் செய்துவிட்டது. நாம் அதை ஈடுகட்டுகிறோம், அவ்வளவே. கைத்தொலைபேசியில் படமெடுப்பவர்கள், திரையில் முகத்தையோ பனியையோ தொட்டுச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஃபோகசும் ஒளி அளவும் பூட்டப்படும். பிறகு அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தால் இதே வேலை நடந்துவிடும். இன்றைய கமராக்கள் காட்சியை ஓரளவு இனங்கண்டு தாமாகவே கொஞ்சம் ஈடுசெய்துகொள்வதால், எந்த எண்ணும் எல்லாருக்கும் பொருந்தாது. உங்கள் கமரா எவ்வளவு குறைக்கிறது என்பதை ஒரே பனிவெளியை வெவ்வேறு அளவுகளில் எடுத்து ஒப்பிட்டு நீங்களே கண்டுகொள்வது நல்லது.

எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் பனியின் நுண்மேடுகளும் பள்ளங்களும் அழிந்து, படத்தின் அந்தப் பகுதி வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும்; பின்னர் எந்த மென்பொருளாலும் அதை மீட்க இயலாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான அன்செல் அடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த மண்டல முறை இதை மிகத் தெளிவாக விளக்குகிறது. முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை ஒளியின் படிகளை அவர்கள் பூச்சியம் முதல் 10 வரையான மண்டலங்களாகப் பிரித்தார்கள். ஒளிமானி காட்டும் சாம்பல் ஐந்தாம் மண்டலம். ஒவ்வொரு மண்டலத்துக்கும் இடையில் ஒரு ஸ்டொப். பக்கவாட்டு ஒளி விழும் பனியை அடம்ஸ் ஏழாம் மண்டலத்திலும், நுண்மேடுகள் தெரியும் வெண்பனியை எட்டாம் மண்டலத்திலும் வைத்தார். ஐந்திலிருந்து ஏழுக்கு இரண்டு ஸ்டொப். ஃபிலிம் காலத்தில் கணக்கிட்டுச் சொன்ன அந்த இடைவெளிதான் இன்று நம் கமராவின் சக்கரத்தில் நாம் கூட்டும் அளவாகவும் இருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு அந்த முறையின் மீது பெரும் மதிப்பு உண்டாகிறது.

களத்தில் நிற்கும்போது கமராவின் பின்திரையை நம்ப வேண்டாம். சுற்றிலும் பனி ஒளிரும்போது திரை இருண்டு தெரியும். அதைப் பார்த்துத் தீர்மானித்தால் அளவு தவறும். அதற்குப் பதிலாக ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாக, படத்தில் எந்த ஒளி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம் அது. பனியைக் குறிக்கும் குவியல் வலது ஓரத்துக்கு அருகே இருக்க வேண்டும். ஆனால் அந்த ஓரத்தில் மோதி ஏறக்கூடாது. அளவுக்கு மீறி வெளுத்த இடங்களை மினுமினுத்துக் காட்டும் வசதியும் பல கமராக்களில் உண்டு. அதை இயக்கி வைத்துவிட்டுப் பனியின் மேல் மினுமினுப்பு தோன்றும் வரை கூட்டி, பிறகு சிறிது குறைப்பது தொடக்கத்தில் மிக எளிய வழி. கமரா பதிந்த தரவைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவும் எடுத்துவைத்தால் பின்னர் திருத்த இடம் கிடைக்கும்.

முகங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் பனியில் எடுக்க விரும்புவது நம் பிள்ளைகளையும் பெற்றோரையும்தான். மாநிறமும் கருநிறமும் கொண்ட முகத்துக்கும் வெயிலில் ஒளிரும் பனிக்கும் இடையிலுள்ள ஒளி வேறுபாடு பெரியது. இரண்டையும் முழுமையாகக் காப்பாற்ற முடியாத சூழலில் முகத்துக்கு முதலிடம் கொடுங்கள். பின்னணியில் சிறிது பனி வெளுத்துப்போனாலும் யாரும் கவலைப்படப் போவதில்லை, ஆனால் அம்மாவின் முகம் இருண்டுவிட்டால் அந்தப் படத்துக்குப் பயனே இல்லை. அதைவிட நல்லது அந்தச் சூழலையே தவிர்ப்பது. மென்மேகம் மூடிய நாளிலோ கட்டடத்தின் திறந்த நிழலிலோ ஆளை நிறுத்தி, பின்னால் வெறும் பனிவெளிக்குப் பதிலாக ஊசியிலை மரங்களோ செங்கற்சுவரோ வருமாறு பார்த்துக்கொண்டால் வேறுபாடு பாதியாகக் குறைந்துவிடும். பனி நமக்கு ஓர் உதவியும் செய்கிறது: நிலத்திலிருந்து மேல்நோக்கி ஒளியைத் திருப்பி அனுப்பி, கண்குழியிலும் தாடைக்குக் கீழும் விழும் நிழல்களைத் தானே நிரப்பிவிடுகிறது. கோடையில் இதற்காகத் தனியே ஒளித்தட்டு பிடிக்க வேண்டும். குளிர்காலத்தில் தரை முழுவதும் ஒளித்தட்டுதான்.

இனி ஒளியின் திசை. என்னைக் கேட்டால் எக்ஸ்போஷரைவிட இதுவே கூடுதல் கவனத்துக்கு உரியது. எக்ஸ்போஷரை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம், ஒளியின் திசையைப் பார்க்கும் பழக்கம் மெதுவாகத்தான் வரும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பனியின் ஒவ்வொரு மேட்டின் நிழலும் அந்த மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். படத்தில் தட்டையான வெள்ளைப் பரப்பு மட்டுமே மிஞ்சும். சூரியனை இடப்பக்கமோ வலப்பக்கமோ வைத்துக்கொண்டால் காற்று வரைந்த அலைகளும், முயலின் தடங்களும், மரவேலியின் நீண்ட நிழல்களும் உயிர்பெற்று எழும். சற்று எதிர்ப்பக்கமாக வைத்துக்கொண்டால் பனித்துகள்களே மின்னத் தொடங்கும். இந்த நாட்டில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாள்களில் ரொறன்ரோவில் நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 23 பாகை உயரத்தைத்தான் எட்டுகிறது. ஜூனில் அது ஏறக்குறைய 70 பாகை. அதாவது குளிர்காலத்தின் நடுவில் நாள் முழுவதும் சாய்வான ஒளியே விழுகிறது. கோடையில் விடியற்காலையில் எழுந்து தேட வேண்டிய நிழல்கள் மதிய உணவு நேரத்திலேயே நம் முன் கிடக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுவதால், வேலைக்குப் போகிறவர்களுக்கு வார இறுதியின் பகல் மிகவும் மதிப்புள்ளது.

அந்த நிழல்களின் நிறத்தையும் பாருங்கள். தெளிந்த வானத்தின் கீழ்ப் பனியின் நிழல் நீலமாக இருக்கும். வெயில் எட்டாத அந்த இடத்துக்கு ஒளி தருவது நீலவானம் மட்டுமே. பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே 1868-69 குளிர்காலத்தில் பிரான்சின் எத்ரெத்தா அருகே, வேலிப் படலின் மேல் ஒற்றை மேக்பை பறவை அமர்ந்திருக்கும் பனிக்காட்சி ஒன்றைத் தீட்டினார். அதில் வேலியின் நிழல்களை நீலச்சாயலில்தான் வரைந்தார். 1869-இல் பாரிசின் சலோன் கண்காட்சி அதை ஏற்க மறுத்தது. இன்று அது ஓர்சே அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. பனியைப் படமெடுக்க விரும்பும் எவரும் அந்த ஓவியத்தின் முன் சற்று நேரம் செலவிட வேண்டும் என்பது என் விருப்பம். கணினித் திரையில் பார்த்தாலும் போதும். படத்தின் பெரும்பகுதி நிழலும் அரைநிழலுமாக இருக்க, வெயில் படும் வெண்மை சில இடங்களில் மட்டும் வருவதை அங்கே காணலாம்.

ஆகவே வொயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறச்சாயலைச் சீராக்கும் அமைப்பைச் சரிசெய்யும்போது நிழலின் நீலத்தை முழுவதும் துடைத்தெறிய வேண்டாம். அப்படிச் செய்தால் வெயில் படும் பனி மஞ்சளாகிவிடும். வெயில் நாளில் பகலொளி அமைப்பை, அதாவது 5,500 கெல்வினை (ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அலகு) ஒட்டிய அளவை வைத்தால் வெயில் படும் இடம் வெண்மையாகவும் நிழல் நீலமாகவும் அமையும். கண் கண்டதும் அதுதான். மேகமூட்டமான நாளில் படம் முழுவதும் நீலம் பாய்ந்திருந்தால் 6,500 கெல்வின் பக்கமாக நகர்த்துங்கள். சூரியன் மறைந்த பின் வரும் நீல நேரத்தில் பனி முழுவதும் நீலமாகவே இருக்கட்டும். ஒரு வீட்டின் சன்னலில் எரியும் விளக்கு அதற்கு எதிர்நிறமாக அமைந்துவிடும்.

வானமும் நிலமும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிடும் மேகநாள்களை வீணான நாள்கள் என்று எண்ணிப் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நான் அந்த நாள்களை விரும்புகிறேன். தொடுவானம் அழிந்துபோன வெளியில் ஒரு தனிமரம், ஒரு வேலி, கறுப்பு மேலங்கியோடு நடந்துபோகும் ஒரு மனிதர் என்று ஒன்றே ஒன்று இருந்தால் போதும். மற்ற எதையும் ஒதுக்குவதற்கு நாம் பாடுபட வேண்டியதில்லை. ஏற்கெனவே மிதித்துக் குழம்பிய பனிதான் இத்தகைய படங்களைக் கெடுக்கும். எங்கே நின்று எடுக்கப் போகிறோம் என்பதை வெளியின் ஓரத்திலேயே தீர்மானித்துவிட்டு, சுற்றுவழியாகப் போய்ச் சேருங்கள். நம் காலடித்தடம் படத்தின் நடுவே விழுந்துவிட்டால் அடுத்த பனிப்பொழிவு வரை காத்திருக்க வேண்டும்.

பனி பொழிந்துகொண்டிருக்கும்போது எடுப்பது வேறொரு வேலை. வெள்ளை வானத்தின் முன் வெள்ளைத் துகள் தெரியாது. கரும்பச்சை ஊசியிலை மரங்கள், இருண்ட கட்டடம், சிவப்புக் களஞ்சியம் போன்ற பின்னணியைத் தேடிக்கொண்டால்தான் பொழிவு படத்தில் பதியும். துகள்கள் தனித்தனியாக உறைந்து நிற்க வேண்டுமானால் ஷட்டர் வேகம், அதாவது கமராவுக்குள் ஒளி விழும் நேரம், 1/250 அல்லது 1/500 வினாடி. மெல்லிய கோடுகளாக ஓட வேண்டுமானால் 1/60-ஐ ஒட்டி. எனக்குக் கோடுகளைவிடத் துகள்கள்தான் பிடிக்கும். கோடுகள் பல சமயம் மழையைப் போலத் தோன்றிவிடுகின்றன. ஃபிளாஷைப் பயன்படுத்தினால் லென்சுக்கு அருகிலுள்ள துகள்கள் பெரிய வெள்ளை வட்டங்களாக வந்து விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். பறக்கும் துகள்களைத் துரத்தித் தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். ஒற்றைப் புள்ளி ஃபோகசைத் தேர்ந்து, மரத்தண்டின் விளிம்பு போன்ற வேறுபாடு மிகுந்த இடத்தில் அதை நிறுத்துங்கள். அதுவும் பயன்படாவிட்டால் கையால் திருப்பிக்கொள்ளுங்கள்.

அடர்ந்த பொழிவைத் தேடிப் போக விரும்புகிறவர்களுக்கு ரொறன்ரோவின் வடக்கே பாரி நகரத்தைச் சுற்றியுள்ள பகுதியே என் முதல் பரிந்துரை. குளிர்ந்த வடமேற்குக் காற்று, இன்னும் உறையாத ஹியூரன் ஏரியையும் ஜோர்ஜியன் விரிகுடாவையும் கடந்து வரும்போது அவற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு, கரையேறியதும் ஒடுங்கிய பட்டைகளாகப் பனியைக் கொட்டுகிறது. ஒரு பட்டைக்குள் எதுவும் தெரியாத பொழிவு இருக்கும். சில கிலோமீற்றர் தள்ளி வெயில் அடிக்கும். இந்த விளிம்புகளில் கிடைக்கும் ஒளி அற்புதமானது. சாலை அதே அளவுக்கு ஆபத்தானது என்பதால், எச்சரிக்கை வந்திருக்கும் நாளில் வண்டியை எடுக்கவே வேண்டாம். காட்டுக்குள் போக விரும்பினால் அல்கொன்குயின் மாகாணப் பூங்காவினூடாக 56 கிலோமீற்றர் ஓடும் 60-ஆம் நெடுஞ்சாலை குளிர்காலத்திலும் திறந்திருக்கும்; மனிதரை அஞ்சாத கனடா ஜே பறவையை அங்கே மிக அருகில் காணலாம். ஸ்காபரோ பிளஃப்ஸ் நம் வாசலிலேயே இருக்கிறது. ஒன்ராறியோ ஏரியின் அலைகள் தெறித்துக் கரையோரக் கற்களிலும் கிளைகளிலும் உறைந்து நிற்பதை அங்கே எடுக்கலாம். ஆனால் செங்குத்துச் சரிவின் விளிம்பிலும், ஏரியின் மேல் படர்ந்த பனிக்கட்டியிலும் கால்வைக்கக் கூடாது. எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

தொலைவே போக முடியாதவர்களுக்கு வீட்டுப் பின்முற்றத்தில் பனிப்படிகங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் ஊரில் வாழ்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி, நுண்நோக்கியோடு கமராவைப் பொருத்தி 1885 ஜனவரி 15 அன்று ஒரு பனிப்படிகத்தைப் படமெடுத்தார். 1931-இல் இறப்பதற்குள் அவர் எடுத்த படிகப் படங்கள் 5,000-ஐத் தாண்டும். வெளுத்த பின்னணியில் படிகம் எடுப்பாகத் தெரியாததால், நெகட்டிவின் நகலில் படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, அச்சில் பின்னணி கறுப்பாக வரும்படி செய்தார். வெள்ளையைக் காட்ட அதன் அருகே கறுப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட உழைப்பு மிகுந்த சான்றை நான் அறியேன்.

நமக்கு அந்தக் கத்திவேலை தேவையில்லை. கறுப்புக் கம்பளித் துணியொன்றை முன்கூட்டியே வெளியில் வைத்துக் குளிரவிட்டு, அதன்மேல் விழும் துகள்களை மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மக்ரோ லென்சாலோ கைத்தொலைபேசியில் கவ்வவைக்கும் சிறு லென்சாலோ எடுக்கலாம். பக்கவாட்டில் ஒரு சிறு டோர்ச் ஒளி இருந்தால் படிகத்தின் விளிம்புகள் எழுந்து நிற்கும். மூச்சுக்காற்று பட்டால் அது உருகிவிடும். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் 1936-இல் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்த நகயா உகிச்சிரோவின் ஆய்வுகள், வெப்பநிலையும் ஈரமுமே படிகத்தின் வடிவைத் தீர்மானிக்கின்றன என்று காட்டின. மேகத்தில் வெப்பநிலை −15 பாகை செல்சியஸை ஒட்டியிருந்தால் கிளைவிட்ட ஆறுமுனை நட்சத்திரங்கள் விழும். −5 பாகையை ஒட்டியிருந்தால் ஊசிகளே கிடைக்கும். ஆகவே மிதமான குளிர்நாளில் நட்சத்திரம் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

குளிரில் கமராவைப் பேணுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லித்தியம் பற்றரிகள் குளிரில் விரைவாகச் சோர்ந்துவிடும். மாற்றுப் பற்றரியை உடம்புச் சூட்டில் உள்சட்டைப் பையில் வைத்திருங்கள். சோர்ந்ததைச் சூடாக்கினால் ஓரளவு மீண்டும் உயிர் வரும். கமராப் பையை வண்டியின் பின்பெட்டியில் வைத்து வெளிக்குளிருக்குப் பழக்கிவிட்டால், லென்சின் மேல் விழும் பனி உருகாமல் உதிர்ந்துவிடும். லென்சின் முனையில் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹூட் எப்போதும் மாட்டியிருக்கட்டும். லென்சில் படிந்த பனியை வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்துவிடும். காற்றுக் குமிழால் ஊதுங்கள். மெல்லிய கையுறைக்கு மேல் தடித்த கையுறை அணிந்தால் விரல்கள் தாக்குப்பிடிக்கும். வீடு திரும்பும்போதுதான் உண்மையான ஆபத்து. குளிர்ந்த கமராவை வீட்டின் ஈரச்சூட்டுக்குள் அப்படியே கொண்டுவந்தால் உள்ளும் புறமும் நீர் படியும். மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொண்டு, கமராவைக் காற்றுப் புகாத ஸிப் பைக்குள் இட்டு மூடி, அது வீட்டுச் சூட்டுக்கு வரும் வரை இரண்டு மணி நேரமாவது திறக்காமல் விடுங்கள்.

அந்த நேரத்தில் படங்களைத் திருத்தத் தொடங்கலாம். வெயில் படும் பனியின் மேல் சுட்டியை வைத்துப் பார்த்தால், 255 என்ற முழு வெள்ளைக்குச் சற்றுக் கீழே, 235 முதல் 245 வரையான எண்கள் தெரிய வேண்டும். அதற்குக் கீழே வெகுதூரம் இருந்தால் பனி மீண்டும் சாம்பலாகும். நிழலின் நீலம் மிகுந்து தெரிந்தால் நீல நிறத்தின் செறிவை மட்டும் சிறிது குறைத்தால் போதும். கூர்மையையும் நுண்விவரத்தையும் அளவுக்கு மேல் ஏற்றினால் மென்பனி மணலைப் போலச் சொரசொரப்பாகிவிடும். இந்த ஒரு விடயத்தில் தொடங்குகிறவர்கள் கை நீளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருட்டறையில் திரையின் ஒளியை உச்சத்தில் வைத்துத் திருத்தினால் படம் வேண்டிய அளவைவிட இருண்டு முடியும் என்பதால், திரையின் ஒளியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, இரவில் முடித்ததை மறுநாள் பகலில் இன்னொரு முறை பார்த்த பிறகே யாருக்கும் அனுப்புங்கள்.